ஆறாங் கவாத்துப் பெட்டி

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களுக்குக் காலண்டர் என்று தனியாக ஒன்று தேவைப்படுவதில்லை. பந்தலை நிமிர்ந்து பார்த்தால் போதும். கவாத்து வெட்டிக் கொடி மொட்டையாக நின்றால் அது முதல் நாள். துளிர்த்து, பூவெடுத்து, பிஞ்சு பிடித்து, பச்சைக்காய் கறுத்து, கறுத்த பழத்தின்மேல் வெள்ளையாகச் சாம்பல் பூத்துக் குலையை அறுக்கிறபோது நாலு மாசம் ஓடியிருக்கும். மறுபடியும் கவாத்து. “மூணு கவாத்துக்கு முன்னாடிதான் அவளுக்குக் கல்யாணம் ஆச்சு” என்று சொன்னால் அங்கே எல்லாருக்கும் விளங்கும்.

அய்யம்மாள் தன் பிள்ளைகளின் துணிமணியையும் அந்தக் கணக்கில்தான் அடுக்கி வைத்திருந்தாள்.

அடுக்கினது பழப்பெட்டியில். தோட்டத்தில் பழம் அடுக்குகிற நீலப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறதே, அதில் ஓரம் விரிந்தது, கைப்பிடி போனது என்று கழித்துப் போடுவதை மேஸ்திரி சுருளிராஜனிடம் கேட்டுக் கேட்டு வாங்கி வந்துவிடுவாள். மகள் கௌமாரி பிறந்தபோது ஒரு பெட்டி. இப்போது பரண்மேல் வரிசையாகப் பதினோரு பெட்டி. ஒவ்வொன்றின் நெற்றியிலும், சந்தைக்குப் போகிற சரக்குக்கு எழுதுகிற அதே கறுப்பு மையால் ஒரு எண். ஒன்று என்றால் நாலு மாசப் பிள்ளைக்கு. மூன்று என்றால் வருசம் திரும்பின பிள்ளைக்கு. ஆறு என்றால் ரெண்டு வயசு. அடியில் தினத்தாள், அதன்மேல் கெட்டித்துணி, அதற்கு மேல் மெல்லிசு, எல்லாவற்றுக்கும் மேலே நிழலில் காய்ந்த வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும். பூச்சி உருண்டை மட்டும் வைக்கமாட்டாள். அந்த வாடை பச்சைப்பிள்ளை மூச்சுக்கு ஆகாது என்பாள்.

துணி வருகிற வழியும் போகிற வழியும்கூட ஒரு ஒழுங்குதான். கோம்பையில் வாக்கப்பட்ட அவளுடைய அக்காவுக்கு ரெண்டு பையன்கள். அந்தப் பையன்களுக்குப் பத்தாமல் போனது மூட்டையாக இங்கே வரும். அய்யம்மாள் திண்டுக்கல் சந்தைச் சரக்குக்குக் குலை பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அழுகல் பழத்தைக் கத்தரி நுனியால் தட்டிவிடுகிற கை அது. இற்றுப்போனது, பொத்தான் போனது, கறை ஏறினது எல்லாம் தனி. நல்லது மட்டும் அந்தந்தப் பெட்டிக்கு. அவளுடைய மகன் திலீபன் உடுத்தி முடித்ததும், பக்கத்து வீட்டிலேயே இருக்கிற ஓரகத்தி ஜோதிகாவின் மகன் முத்துக்குமரனுக்குப் போகும். முத்துக்குமரன் பத்து மாசம் சின்னவன். மேட்டுத் தண்ணி பள்ளத்துக்கு வருகிற மாதிரி, துணி மூத்ததிடமிருந்து இளையதுக்கு வரும். கொடுக்கிறபோது சட்டை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி வைத்துக்கொண்டுதான் கொடுப்பாள். பிள்ளை வளர்த்தி துணியோடு போய்விடக் கூடாது பாருங்கள்.

பழம் பிரிக்கிற இடத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

“ஏ அய்யம்மா, ஒம் மகனுக்குக் கல்யாண வேட்டி எத்தனாவது பெட்டியில இருக்குடி?” என்பாள் பஞ்சம்மாள். அந்தக் கூட்டத்தில் மூத்தவள் அவள்தான்.

“எழுவத்தஞ்சாவது பெட்டியில, மதினி. ஒங்களுக்கும் அதுலயே ஒரு சேலை எடுத்து வச்சுருக்கேன்.”

“அதுவும் பழசுதானா?”

“பின்ன? ஒங்களுக்கு எதுக்குப் புதுசு, தாலி வாங்கப்போற பொண்ணா நீங்க?”

கத்தரியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அய்யம்மாளும் சிரிப்பாள். உள்ளுக்குள் அவளுக்குப் பெருமைதான். எட்டாம் வகுப்போடு நின்றவள். அவள் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி மருந்தடிக்கிற ஆள். அவர்களிடம் ஊர் பார்த்து மெச்சுகிற மாதிரி வேறு என்ன இருந்தது?

திலீபன் ஆறாம் பெட்டி வரைக்கும் தாளம் தப்பாமல் வந்தான். பழம் அறுக்கிறபோது சட்டை இறுகும். அடுத்த கவாத்தன்று அடுத்த பெட்டி இறங்கும். ஆறாம் பெட்டியில் இருந்த கட்டம்போட்ட சட்டையும் காக்கிக் கால்சட்டையும் அவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தன.

அப்புறம் ஏழாங் கவாத்து வந்தது. அய்யம்மாள் ஏழாம் பெட்டியை இறக்கி, ஒரு சட்டையை எடுத்து மகனுக்குப் போட்டுப் பார்த்தாள். தோள்பட்டை முழங்கைக்கு இறங்கி நின்றது.

“கோம்பைப் பயலுக கொழுத்த பயலுக. அதான் பெருசா இருக்கு” என்று சொல்லிப் பெட்டியை ஏற்றிவிட்டாள்.

எட்டாங் கவாத்திலும் தோள்பட்டை அதே இடத்தில்தான் நின்றது.

செல்லப்பாண்டிதான் முதலில் கேட்டார். ஒரு நாள் சாயங்காலம், மருந்து வாடை போகக் குளித்துவிட்டு, மொச்சைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சுவரோரம் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஏத்தா, இந்தச் சட்டை போன ஆடியில போட்டதுதான?”

“அதேதான். நூல் பிரியல, சாயம் போகல. எப்பிடி வச்சுருக்கேன் பாருங்க.”

“அதச் சொல்லல. இன்னும் பத்துதே?”

“பத்துனா நல்லதுதான? எல்லாப் புள்ளையும் மாசத்துக்கு ஒரு சட்டைய வெடிச்சுக்கிட்டுத் திரியுதுக. எம்புள்ள அடக்கமான புள்ள.”

“இல்ல... வளத்தி நின்ன மாதிரி இருக்கே.”

“நீங்க தோட்டத்துல பாத்ததே இல்லையா? கவாத்து வெட்டுனதும் ஒரு கொடி சும்மா நிக்கும். பக்கத்துக் கொடியெல்லாம் துளுக்கும், அது நிக்கும். மேஸ்திரி என்ன சொல்லுவாரு? ‘அதத் தொடாதீக, வேரு புடிக்குது, அடுத்த காய்ப்புக்கு ரெண்டு பங்கு வரும்’னு சொல்லுவாரா இல்லையா? அப்பிடித்தான் இவனும்.”

செல்லப்பாண்டிக்கும் அது சரி என்றுதான் பட்டது. தோட்டத்தில் அப்படி நின்ற கொடி காய்த்துத் தள்ளினதை அவரே பார்த்திருக்கிறார். குழம்பை வழித்துச் சாப்பிட்டு எழுந்துபோனார்.

திலீபனும் யாரையும் தொந்தரவு பண்ணாத பிள்ளை. தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால், பந்தல் நிழலில் சாக்கை விரித்து உட்காரவைத்த இடத்திலேயே பழம் அறுத்து முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பான். தூக்கம் வந்தால் தூங்குவான். பசித்தாலும் அழமாட்டான். கையில் ஒரு பழத்தைக் கொடுத்தால் அதையே உருட்டிக்கொண்டிருப்பான். “வரம் வாங்கிப் பெத்த புள்ளடி இது” என்பார்கள் கூட இருக்கிற பெண்கள். தோல் கொஞ்சம் வறண்டு சொரசொரப்பாக இருந்தது. மருந்துக் காற்று என்றாள். முகம் காலையில் உப்பலாக இருந்தது. பிள்ளைச் சதை என்றாள். அம்மா, அப்பா, தண்ணி என்று நாலைந்து சொல்லுக்கு மேல் பேச்சு வரவில்லை. ஆம்பிளைப்பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. பதில் இல்லாமல் போயிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஏழாம் பெட்டிச் சட்டைகளை எடுத்து, தோளில் ஒரு மடிப்பு, பக்கத்தில் ஒரு மடிப்பு என்று கைத்தையல் போட்டாள். அது ஆறாம் பெட்டி அளவுக்கு வந்தது.

எட்டாங் கவாத்துப் பழம் கறுத்துக்கொண்டிருந்த சமயம். மேகமலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி, மழை வந்தால் பழம் வெடித்துவிடுமே என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வேலை இல்லை. அய்யம்மாள் வாசலில் உட்கார்ந்து கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். ஜோதிகா கையில் ஒரு துணிப்பையோடு வந்தாள்.

ஜோதிகா பன்னிரண்டாவது வரை படித்தவள். அவள் புருசன் சுரேஷ்கண்ணன், செல்லப்பாண்டியின் தம்பி, லோயர் கேம்ப் பவர்ஹவுஸில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவன். ஒரே வளவில் ரெண்டு வீடு. நடுவில் ஒரு துவைகல்லும் ஒரு கொடிக்கயிறும் பொது.

“அக்கா, வேலையா இருக்கீகளா?”

“வா ஜோதி. கேப்பையில கல்லா வருது. உக்காரு. எங்க ஒம்மகன்?”

“அங்கன தூங்குறான். எந்திரிச்சா வீடே தாங்காது. கதவு மேல ஏறி நின்னு ஆடுறான்க்கா.”

“நல்லா ஆடட்டும்.”

ஜோதிகா உட்கார்ந்தாள். முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். இன்னொன்றைப் பொறுக்கினாள். உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த திலீபனைப் பார்த்தாள். அப்புறம் பையை மெல்ல முன்னால் தள்ளினாள்.

“என்னத்தா இது?”

“ஒண்ணுமில்லக்கா. முத்துக்குப் போடுற சட்டை ரெண்டு மூணு. டவுசரு. நல்லாத்தான் இருக்கு.”

“கிழிஞ்சுருச்சா? தச்சுத் தரணுமா?”

“இல்லக்கா. அவனுக்குப் பத்தல. கையி ஏறிக்கிருச்சு. அதான்... திலீபனுக்குப் போட்டுப் பாருங்களேன்னு கொண்டாந்தேன்.”

முறம் நின்றுவிட்டது.

“யாருக்கு?”

“திலீபனுக்கு.”

“இவன் மூத்தவன் ஆத்தா.”

“தெரியும்க்கா. ஆனா அளவுக்கு...”

“என்ன அளவு? ஏ, என்ன அளவுங்கிறேன்?”

“கோவிக்காதீகக்கா. நீங்களே ஒருக்கா போட்டுப் பாருங்க. போட்டுப் பாத்தா ஒங்களுக்கே...”

“எனக்கு என்ன தெரியணும்? ரெண்டு வருசமா யாரு வீட்டுத் துணியில ஒம்புள்ள வளந்தான்? நாலு மாசம் தப்பாம யாரு கொண்டாந்து குடுத்தது?”

“நீங்கதான்க்கா. நான் இல்லேங்கலையே.”

“இப்ப ஒம்புருசன் பவர்ஹவுஸு ஆளு. நீ கடையில எடுத்துப் போடுற. போடு. யாரு வேணாம்னா? அதுக்கு எளையதோட கழிச்சல எடுத்துட்டு வந்து மூத்ததுக்கு உடுத்துங்கிற. ஊருல கேட்டா சிரிக்க மாட்டாக?”

“கழிச்சல்னு நான் சொல்லலக்கா. சத்தியமாச் சொல்லல. நம்ம திலீபன்...”

“நம்ம திலீபனுக்கு என்னடி கொறச்சல்?”

ஜோதிகா வாயைத் திறந்தாள். திலீபன் அவளைப் பார்த்து மெதுவாகச் சிரித்தான். வாயை மூடிக்கொண்டாள்.

“சொல்லு. என்ன கொறச்சல்?”

“ஒண்ணுமில்லக்கா.”

“கண்ணு வைக்கிறதுக்குன்னே படிச்சிட்டு வந்துருக்காளுக. எடுத்துட்டுப் போ.”

அய்யம்மாள் பையைக் காலால் தள்ளவில்லை. கையால்தான் எடுத்தாள். எடுத்து வளவு நடுவே எறிந்தாள். துவைகல்லில் பட்டுப் பை அவிழ்ந்து சட்டைகள் ஈரத்தில் விழுந்தன. ஜோதிகா எழுந்து போனாள். ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உதறி, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அதற்கப்புறம் ஒரு வருசம் ரெண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஆம்பிளைகள் ரெண்டு பேரும் டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்குள் பேசமாட்டார்கள். கொடிக்கயிற்றில் இந்தப் பாதி அய்யம்மாளுக்கு, அந்தப் பாதி ஜோதிகாவுக்கு. அந்தப் பாதியில் தொங்குகிற சட்டைகள் மாசத்துக்கு மாசம் நீண்டுகொண்டே போயின. இந்தப் பாதியில் அதே கட்டம்போட்ட சட்டைதான். அய்யம்மாள் துணி காயப்போடுகிறபோது அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். வீரபாண்டித் திருவிழாவுக்கு ரெண்டு குடும்பமும் தனித்தனி ஆட்டோவில் போய் வந்தன.

ஒன்பதாம் பெட்டி, பத்தாம் பெட்டி, பதினோராம் பெட்டி. கோம்பையிலிருந்து மூட்டை வந்துகொண்டுதான் இருந்தது. பெட்டிகள் நிறைந்துகொண்டுதான் இருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. ஒரு நாள் பரணைத் துடைக்கிறபோது அய்யம்மாள் எட்டு என்று எழுதியிருந்த பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை அழித்துவிட்டு ஏழு என்று எழுதினாள். ஏழாம் பெட்டியை ஆறாக்கினாள். அந்த மை லேசில் போகாது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து அழித்தாள். ஏன் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனி மாசத்துச் சாரலில் திலீபனை எல்.கே.ஜி.யில் சேர்க்கச் சீருடை எடுக்கவேண்டியிருந்தது. கம்பத்தில் மதீனா கடைக்குப் போனாள். மதீனாவும் அவள் வீட்டுக்காரர் அமானுல்லாவும் இருபது வருசமாகப் பிள்ளைகள் துணி மட்டுமே விற்கிறவர்கள். நடந்து வருகிற பிள்ளையைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார்கள்.

“வா தங்கச்சி. பெரியவ நல்லா படிக்கிறாளா? யாருக்கு யூனிபாரம்?”

“மகனுக்குக்கா. எல்.கே.ஜி.”

“எங்க அவன், கூட்டியாரலையா?”

“இதோ இருக்கானே.”

மதீனா மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அய்யம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டு திலீபன் நின்றான். மதீனா கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“இவனா? இவனுக்கு இப்பவே எதுக்கு ஸ்கூலு? ரெண்டு வயசு ஆச்சா?”

“மூணு முடிஞ்சு எட்டு மாசம்க்கா.”

மதீனா உள்ளே திரும்பினாள். சீருடையில் இருக்கிறதிலேயே சின்ன அளவை எடுத்து வந்து குனிந்து அவனுக்குப் போட்டாள். கால்சட்டை கெண்டைக்காலுக்கு வந்தது. இடுப்பில் பிடித்த கையை எடுத்ததும் கீழே விழுந்தது. பக்கத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை சிரித்தது. திலீபனும் சேர்ந்து சிரித்தான்.

“புடிச்சுத் தச்சுக்கிறேன்க்கா. நான் எல்லாத்தையும் அப்பிடித்தான்...”

“தங்கச்சி, இப்பிடி உக்காரு.” மதீனா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “நான் துணி விக்கிறவ. எனக்கு ஏவாரம்தான் பெருசு. ஆனா இந்தத் துணிய ஒனக்குத் தர மாட்டேன்.”

“ஏன்க்கா?”

“இவன் போட்டுருக்க சட்டை யாரு தச்சது?”

“கடைச் சட்டைதான். தோளுல மட்டும் நான் மடிச்சுத் தச்சேன்.”

“எத்தன மடிப்பு போட்டுருக்க பாரு. இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு, உள்ள ஒண்ணு.” மதீனாவின் விரல் சட்டைக்குள் போய் ஒவ்வொரு மடிப்பாகத் தொட்டு எண்ணியது. “இம்புட்டு மடிப்பு போடுறப்ப ஒனக்கு ஒண்ணும் தோணலையா ஆத்தா? அவன் தோலப் பாரு. முகத்தப் பாரு. எங்க நசீம் மக இப்பிடித்தான் இருந்தா. என் தம்பி மகளோட புள்ள. தேனி தாண்டி க.விலக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போனோம். நீ வீட்டுக்குக்கூடப் போகாத. இப்பிடியே பஸ் ஏறு.”

“கொடி ஒரு காய்ப்பு நின்னு...” என்று அய்யம்மாள் தொடங்கினாள். மேலே வரவில்லை. தோட்டத்து மேஸ்திரியிடமா நிற்கிறாள், அதைச் சொல்ல?

க.விலக்கு மெடிக்கல் காலேஜில் ரத்தம் எடுத்தார்கள். ரெண்டு நாள் கழித்துச் செல்லப்பாண்டியும் அவளும் மகனைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். கழுத்தில் இருக்கிற சுரப்பி வேலை செய்யவில்லை என்றார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அரைமணி நேரம் பால்கூடக் கொடுக்கக்கூடாது, ஒரு நாளும் விடக்கூடாது, வாழ்நாளெல்லாம் போடவேண்டியிருக்கலாம் என்றார்.

“வளந்துருவானாம்மா?” என்று செல்லப்பாண்டி கேட்டார்.

“உயரம் வரும். நல்லாவே வரும். எப்போ இருந்து இப்படி இருக்கான்? தோராயமா சொல்லுங்க.”

“ரெண்டு வயசு வரைக்கும் சரியா இருந்தான்” என்றாள் அய்யம்மாள். “ஆறாங் கவாத்துல எல்லாச் சட்டையும் பொருந்துச்சு. ஏழாவதுல பொருந்தல. போன வருசத்துக்கு முந்தின வருசம் ஐப்பசி. பத்தாந்தேதி கவாத்து. அன்னைக்குத்தான் பெட்டிய எறக்கிப் பாத்தேன்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

“இவ்வளவு சரியா யாருமே எங்ககிட்ட சொன்னதில்லம்மா. தேதி முதக்கொண்டு தெரிஞ்சிருக்கு. அப்பறம் ஏன் கொண்டு வரல?”

அய்யம்மாள் மகனின் சட்டைத் தோள் மடிப்பை இழுத்துவிட்டாள்.

“மூணு வயசுக்குள்ள ஆரம்பிச்சிருந்தா ரொம்ப நல்லா இருந்திருக்கும். அதுதான் மூளை வளர்ற நேரம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, மருந்து விடாம குடுங்க. ஆனா பேச்சு, படிப்பு இதெல்லாம் எவ்வளவு வரும்னு இப்ப என்னால சொல்ல முடியாது. போகப் போகத்தான் பாக்கணும்.”

பஸ்ஸில் செல்லப்பாண்டி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். சின்னமனூர் தாண்டியது. அப்புறம் சொன்னார்: “நானும் கேட்டேன். ஒருக்காத்தான் கேட்டேன். நீ சொன்னதும் சரின்னு சாப்புட்டு எந்திரிச்சுட்டேன்.” திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. மடியில் தூங்குகிற பிள்ளையின் காலை மட்டும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கால் குளிர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அய்யம்மாள் பரணுக்குக் கீழே போய் நின்றாள். மூன்று வயசுக்கு ஒன்பது கவாத்து. ஜோதிகா பையோடு வந்தது எட்டாவதில். இதைக் கூட்டிக் கழிக்க அவளுக்கு விரல்கூட வேண்டியிருக்கவில்லை.

மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வளவைக் கடந்தாள். பன்னிரண்டு தப்படி இருக்கும். ஒரு வருசமாக நடக்காத தூரம். ஜோதிகா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சாரல் பலமாக வருகிற மாதிரி இருந்தது. அவளைப் பார்த்ததும் ஜோதிகாவின் கை நின்றது.

“ஜோதி.”

“வாங்கக்கா.”

“ஆஸ்பத்திரிக்குப் போனோம்.”

“அவுக சொன்னாக.”

“கழுத்துல ஏதோ சுரப்பியாம். அது வேலை செய்யலையாம்.” மாத்திரையை, ரத்தப் பரிசோதனையை, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். மூணு வயசு என்று டாக்டர் சொன்னதை மட்டும் ரெண்டு தடவை சொன்னாள். “நீ அன்னைக்கு வந்தப்ப இவனுக்கு மூணு ஆகல ஜோதி.”

ஜோதிகா துணியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“நான் அன்னைக்குத் துணி குடுக்க வரலக்கா.”

“தெரியுது ஆத்தா. இப்பத் தெரியுது.”

“எப்பிடிச் சொல்றதுன்னு ஒரு வாரம் யோசிச்சேன். ‘ஒங்க புள்ள வளரல, டாக்டர்ட்ட காட்டுங்க’ன்னு ஒரு தாய்ட்ட எப்பிடிச் சொல்லுவேன்? இத போட்டுப் பாத்தா நீங்களே கேப்பீக, அப்பச் சொல்லிரலாம்னு நெனச்சேன்.”

“நான் தூக்கி எறிஞ்சேன்.”

“எறிஞ்சீக. சரி.” ஜோதிகா கொடிக்கயிற்றைக் காட்டினாள். “அதுக்கப்பறம் நான் சொல்லியிருக்கலாம்ல? எங்க வீட்டுக்காரர்ட்டச் சொல்லி அண்ணன்ட்டச் சொல்லியிருக்கலாம். தெனமும் இந்தக் கயித்தத்தான பாத்துக்கிட்டு இருந்தேன். ஒங்க பக்கம் அதே சட்டை, அதே சட்டைன்னு. எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சே இருந்தேன். ‘வாய் பெருத்தவுகளுக்குத் தன்னாலத் தெரியட்டும்’னு இருந்தேன்.”

அய்யம்மாள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“இன்னொண்ணும் சொல்லிர்றேன். சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. எம்புள்ள ஒசந்து நிக்கிறதப் பாத்து ஒரு நாள் ரெண்டு நாள் எனக்குச் சந்தோசமாக்கூட இருந்துச்சுக்கா. நான் பாவி.”

சாரல் விழத் தொடங்கியது. ரெண்டு பேரும் நகரவில்லை. அய்யம்மாளுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. இவளையும் சேர்த்துத் திட்டினால் பாதிப் பாரம் குறையும், ஆனால் அந்தப் பாதியை இறக்கி வைக்க அவளுக்கு மனசில்லை.

“நனையுது. புள்ளைய உள்ள கொண்டாங்க” என்றாள் ஜோதிகா.

உள்ளே முத்துக்குமரன் அடுப்படிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தான். குதித்து இறங்கி ஓடி வந்தான். அய்யம்மாள் திலீபனைத் தரையில் இறக்கிவிட்டாள். ரெண்டு பிள்ளையும் எதிரும் புதிருமாக நின்றார்கள். ஒரே வளவில் இருந்தும் அவர்களை இப்படி நிற்கவைத்து அவள் பார்த்ததேயில்லை. பார்க்காமல் இருக்க அவ்வளவு பாடுபட்டிருந்தாள். திலீபனின் தலை முத்துக்குமரனின் மூக்குக்கு இருந்தது.

முத்துக்குமரன் குனிந்து திலீபனின் கன்னத்தைக் கிள்ளினான்.

“பாப்பா” என்றான். “அம்மா, பாப்பா வந்துருக்கு. குட்டிப் பாப்பா.”

ஜோதிகா அவனைப் பிடித்து இழுத்தாள். மகன் முதுகில் ஒன்று வைத்தாள்.

“ஏலே, அவன் அண்ணன்டா. அண்ணன்னு சொல்லு.”

முத்துக்குமரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டு திலீபனை மேலும் கீழும் பார்த்தான். அப்புறம் அம்மாவைப் பார்த்தான். உதடு பிதுங்கியது.

“பாப்பாதான்” என்று அழுதான்.

“சொல்லுலே, அண்ணன்னு!”

“அடிக்காத ஜோதி.” அய்யம்மாள் அவள் கையைப் பிடித்தாள். ஒரு வருசத்துக்கப்புறம் தொட்ட கை ஈரமாக இருந்தது. “அவன் கண்ணுக்குத் தெரிஞ்சத அவன் சொல்லிட்டான். நாமதான் சொல்லல.”